எமில் முசேயின் கிளட்ச்

ஒரு பழைய கிளட்ச் பிளேட்டைக் கையில் கொடுத்தால் அதை மிதித்தவனின் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரி கடைத்தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். பீற்றல்தான், ஆனால் பொய் இல்லை. வண்டி ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கில் நடிக்கலாம், ஹாரனில் நடிக்கலாம், கிளட்சில் நடிக்க முடியாது. சோம்பேறி இரண்டாவது கியரிலேயே வண்டியைக் கிளப்புவான். அவன் பிளேட் கருகியிருக்கும். பயந்தாங்கொள்ளி எந்நேரமும் பெடல் மேலேயே காலை வைத்திருப்பான். அவன் பிளேட் வழவழவென்று தேய்ந்து ரிவெட் வெளியே தெரியும். கோபக்காரன் பெடலைப் படக்கென்று விடுவான். பிளேட்டின் நடுவில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் ஆட்டம் கண்டிருக்கும். என்னிடமே ஒரு பழைய ஜீப் இருந்தது. அதன் பிளேட்டைக் கழற்றியபோது எல்லா ஸ்பிரிங்கும் ஆடின. அதை நான் யாருக்கும் காட்டவில்லை.

புதிதாக வாங்கிப் போடு என்று சொல்ல எந்த மடையனாலும் முடியும். கழற்றிய சாமான் இன்னும் ஓடுமா ஓடாதா என்று சொல்லத்தான் மெக்கானிக் வேண்டும். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் இரண்டு மூன்று பேர் பிரெஞ்சு வண்டி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு ஒரு திருகாணி வேண்டும் என்றாலும் மதராசில் கிடைக்காது, பாரிசிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அதனால் அந்த வண்டிகளைப் பொறுத்தவரை என் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் அந்தச் சொல்தாக்களில் ஒருவரான எமில் முசே தன் பெஜோ காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் முசே என்றால் ஐயா, மதாம் என்றால் அம்மா. சாம்பல் நிறம், இடதுபக்க ஸ்டியரிங், கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். அறுபத்தொன்றில் அவரோடு கப்பலில் வந்த வண்டி. கடைக்கு வந்த அன்று அவருக்கு அறுபது வயது. இந்தோசீனச் சண்டையில் இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மர்சேயில் ஒரு பட்டாள ஆஸ்பத்திரியில் கட்டையும் தோல்வாருமாக ஒரு கால் செய்து மாட்டிவிட்டிருந்தார்கள். கிளட்ச் மிதிப்பது இடது கால் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அந்தக் கட்டைக் காலால்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்து சாவியை என் மேஜை மேல் வைத்தார்.

"தெட்சிணா, இதை யாருக்காவது வித்துக் குடுத்துடு."

"என்ன முசே, காலங்காத்தால?"

"நேத்து கும்பகோணத்துக்கிட்ட வண்டி எடுக்குறப்ப தூக்கிப் போட்டுச்சு. மத்லேன் கத்திட்டா." அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "அவ கத்தி நான் கேட்டதே இல்ல. ஆப்பரேஷன் பண்ண அன்னிக்குக்கூட."

மத்லேன் அவர் மனைவி. வயிற்றில் கட்டி. தஞ்சாவூரில் ஆப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு வாராவாரம் செவ்வாய்க்கிழமை அங்கே போய் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும், மார்கழி வரைக்கும். பஸ்ஸில் அந்த அம்மாவால் உட்கார முடியாது. முதல் வாரம் ஜெகபர் சாதிக்கின் டாக்சியில் போனார்கள். சாதிக் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கியர் மாற்றினால் பின்சீட்டில் இருப்பவர் முன்சீட்டை முட்டுவார். போகவர ஒவ்வொரு குலுக்கலும் தையலில் இழுத்திருக்கிறது. அதோடு மத்லேன் சொல்லிவிட்டார், இனி இவர் ஓட்டினால்தான் வருவேன் என்று. அதன்பிறகு பின்சீட்டில் தலையணை போட்டுப் படுக்க வைத்து முசேதான் ஓட்டிக்கொண்டு போய்வந்தார்.

"ஒரு மாசமாவே வண்டி கெளம்புறப்ப குதிக்குது. ஏத்தத்துல இஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது. வைகாசியிலயே உன்கிட்ட சொன்னேன்ல, தொடையை முன்னவிட மேல தூக்க வேண்டியிருக்குன்னு? வயசாவுதுல்ல முசேன்னு நீ சொன்னே. சரியாத்தான் சொல்லியிருக்கே."

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"சரி, திறந்து பாக்குறேன். கிளட்ச் எப்படி இருக்குன்னு தெரியட்டும். அப்புறம் விக்கலாம்."

"எதுக்குப்பா? பிளேட்டு நல்லா இருந்துச்சுன்னா என் கால் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். பிளேட்டு கெட்டிருந்தா என் கால்தான் கெடுத்துச்சுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்ப மதாம் எப்படிப் போவாங்க?"

அவர் சாவியைப் பார்த்தார். "சாதிக் வண்டிக்கு வரமாட்டேங்குறா. ஊசியே வேணாம், போனவரைக்கும் போதும்னுட்டா. என்ன சொல்லியும் கேக்கல."

அவர் சைக்கிள் ரிக்ஷாவில் ஏறிப் போனபிறகு, டாக்சிக்கு ஆயில் மாற்ற வந்து நின்றிருந்த சாதிக் தலையை ஆட்டினார். "பாவம்தான். ஆனா பதினெட்டு வருஷமா கட்டைக்காலால மிதிச்சிருக்காரு. உள்ளார பிளேட்டுன்னு ஒண்ணு இருக்குமாங்குறேன்?"

நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வண்டியில் கிளட்சைத் திறப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பின் அச்சையே பின்னால் தள்ளினால்தான் கியர்பாக்ஸ் கீழே இறங்கும். என் கடையில் வேலையாள் தங்குவதில்லை, என் வாய் அப்படி. சாதிக்தான் கூட நின்று பிடித்தார். மதியத்துக்கு மேல் கியர்பாக்சை இறக்கிவிட்டு, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பிளேட்டை உருவி வெளியே எடுத்தேன். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

முதலில் நான் பார்ப்பது ரிவெட். பிளேட்டின் இரண்டு முகத்திலும் பிரேக் கட்டை மாதிரி ஒரு உராய்வுப் பட்டை ஒட்டியிருக்கும், அதை ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். பட்டை தேயத் தேய ரிவெட்டின் தலை மேலே வரும். மேலே வந்துவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும், அதோடு பிளேட் குப்பைக்கு. தீக்குச்சியை ரிவெட் குழியில் விட்டு நகத்தால் அடையாளம் வைத்து எடுப்பேன். சாதிக்கின் டாக்சியில் எட்டு மாதத்தில் குழியே இருக்காது. இதில் தீக்குச்சியின் மருந்துத் தலை முழுசாக உள்ளே போயிற்று.

யாரோ நடுவில் மாற்றியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ரிவெட்டுகளைத் துடைத்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் அடித்தவை, ஒன்றுகூடக் கைபட்டதில்லை. பட்டையில் பிரெஞ்சு எழுத்து பாதி தெரிந்தது. வண்டியோடு கப்பலில் வந்த பிளேட் அது.

எட்டு இடத்தில் அளந்தேன், எட்டு இடத்திலும் ஒரே கனம். நடுத்துளையின் பற்களில் விரலை விட்டேன், நேற்று வெட்டியவை போல் விரலில் குத்தின. ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினேன், ஒன்றும் அசையவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நூற்றுக்கணக்கில் பிளேட் பார்த்திருக்கிறேன். இரண்டு காலும் நல்லபடியாக உள்ளவர்கள், வாலிபர்கள், லைசென்ஸ் வாங்கியதையே ஊர்வலம் மாதிரிக் கொண்டாடியவர்கள் எல்லாரும் மிதித்த பிளேட். இப்படி ஒன்றை என் கை தொட்டதே இல்லை. வெயிலில் நின்றபடியே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலில் உற்சவரைப் பார்த்ததுபோல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சாதிக் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அதன்பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். இத்தனை அழகின் மேலே ஒரு மினுமினுப்பு படிந்திருந்தது. சூடு கண்டு பட்டையின் முகம் இறுகிப்போனால் வருகிற மினுமினுப்பு. பிரஷர் பிளேட்டைத் திருப்பினேன். மூன்று இடத்தில் நீலம் பாரித்திருந்தது. பழைய சூடு என்றால் நீலம் மங்கிப் பழுப்பாகியிருக்கும். இது புதிது.

"பாத்தியா, எரிஞ்சிருக்குல்ல?" என்றார் சாதிக். "நான்தான் சொன்னேனே. கால் கோளாறுதான்."

பதினெட்டு வருஷம் ஒரு நூல் பிசகாத கால், மூன்று மாதத்தில் எப்படி இப்படி எரிக்கும்? கார்பன் பேரிங்கை எடுத்துப் பார்த்தேன். பெடலை மிதிக்கும்போது மட்டும் போய் பிரஷர் பிளேட்டின் நெம்புகோல் விரல்களைத் தொட்டுத் தள்ளுவதுதான் அதன் வேலை. மற்ற நேரம் அது எதையும் தொடக்கூடாது. அந்த விரல்களின் நுனி மூன்றும் பளபளவென்று தேய்ந்திருந்தன. கிளட்ச் மூடியின் உள்ளே பல வருஷத்து அழுக்கு காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. அதன் மேலே புதிதாக, விபூதி தூவியது போல் மெல்லிய கறுப்புத் தூள். கார்பன் தூள். விரலால் தொட்டதும் பறந்தது.

அப்படியென்றால் கொஞ்ச நாளாக அந்த பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளேட்டை முழுசாக இறுக்க விடாமல் அரைகுறையாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. பெடல் மேல் காலைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் அப்படி ஆகும். அல்லது பெடலில் பிளே இல்லாவிட்டால் ஆகும். எந்த வண்டியிலும் கிளட்ச் பெடலை மிதித்தால் முதல் ஒரு அங்குலம் சும்மா போகும், அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். அந்தச் சும்மா போகிற ஒரு அங்குலத்தைத்தான் பிளே என்போம்.

வண்டிக்கு அடியில் படுத்து பெடல் கம்பியின் நட்டைப் பார்த்தேன். கம்பியில் மரை ஒரு விரற்கடை நீளத்துக்குப் பளிச்சென்று இருந்தது. நட்டு முன்பு அந்த இடத்தில் இருந்திருக்கிறது, யாரோ அதை நகர்த்தியிருக்கிறார்கள். நட்டின் ஒரு மூலை மழுங்கியிருந்தது. என் பதினான்காம் நம்பர் ஸ்பேனரின் வாய் கொஞ்சம் விரிந்தது. அது பிடிக்கும் நட்டெல்லாம் அதே மூலையில் மழுங்கும்.

வைகாசியில் ஆயில் மாற்ற வண்டி வந்திருந்தது. வண்டியை எடுத்துப் போகும்போது முசே பெடலை மிதிப்பதைப் பார்த்தேன். தொடையைத் தூக்கி, இடுப்பிலிருந்து ஒரு அழுத்து. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்று சாயங்காலம் ஏதோ சத்தம் என்று வண்டி திரும்பவும் வந்தபோது, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான்தான் அந்தப் பிளே முழுவதையும் எடுத்துவிட்டேன். தொட்டதுமே கிளட்ச் விடும்படி வைத்தேன். பாவம், கட்டைக்கால், எவ்வளவு தூரம் அழுத்துவார் என்ற இரக்கம். நல்ல காலுள்ள எவனாக இருந்தாலும் பெடலில் கால் வைத்த நிமிஷமே என்னடா இது என்று என் சட்டையைப் பிடித்திருப்பான். கட்டைக்குத் தெரியுமா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொடையை முன்னைவிட மேலே தூக்க வேண்டியிருக்கிறது என்பதுதான். அதையும் வந்து சொன்னார். வயசாகுது என்று அனுப்பிவிட்டேன்.

வண்டிக்கு அடியிலேயே வெகுநேரம் படுத்திருந்தேன். சாதிக் குனிந்து, "என்னப்பா, தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஊரே கால்தான் காரணம் என்று சொல்கிறது. சாதிக் கண்ணால் பார்த்து சாட்சி சொல்லிவிட்டார். முசேயே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். என் பெயருக்கு ஒரு கீறல் விழாது. ஆனால் அந்த அம்மா ஊசிக்குப் போகமாட்டார். மேஜை மேல் துணி விரித்து வைத்திருந்த அந்த பிளேட்டைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சுட்டது. அப்படி ஒரு வேலையைப் பதினெட்டு வருஷம் செய்தவரைப் பார்த்து, உன்னால் முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் முசே வண்டியின் காகிதங்களை ஒரு தோல் பையில் எடுத்துக்கொண்டு வந்தார். விற்பதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். நான் காகிதத்தைத் தொடவில்லை. பிளேட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"முசே, இது உங்க காலு பண்ண வேலை. இந்த மாதிரி ஒரு பிளேட்ட நான் பாத்ததில்ல." பிறகு பிரஷர் பிளேட்டைத் திருப்பி நீலத் திட்டுகளைக் காட்டினேன். "இது நான் பண்ண வேலை."

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர், பிளே, இரக்கம், ஒன்று விடாமல். சொல்லி முடிக்கும்வரை அவர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டாளத்துக்காரர்களின் பிரெஞ்சுத் திட்டு காது கூசும். அவர் திட்டவில்லை.

"எனக்குச் சுலபமா இருக்கட்டும்னா செஞ்சே?"

"ஆமாங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிறகு நான்தான் கேட்டேன், இந்தக் காலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எப்படி என்று. மெக்கானிக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பில் கேட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடது தொடையைத் தட்டினார். "இந்தக் காலுக்கு பெடல் மேல இருக்கமா, தரையில இருக்கமான்னு தெரியாது. அதுக்குத் தெரியாதுங்குறது எனக்குத் தெரியும். அதனால ஒவ்வொரு தடவையும் தூக்கி, பக்கத்துல தள்ளி, தரையில வெப்பேன். தக்குனு கட்டைச் சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் எறங்கிடுச்சுன்னு நம்புவேன்."

"கியர் மாத்துற ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"பிளேட் பிடிக்கிற எடம் எப்படித் தெரியும்?"

"காதுதான். பெடலை விட விட, இஞ்சின் மூச்சு ஒரு எடத்துல கொஞ்சம் தாழும். ரொம்பக் கொஞ்சம். அங்க தொடையை நிறுத்திக்கிடுவேன். அப்புறம் வண்டி தானாப் போவும்."

நம்மில் யாரும் செய்யாத ஒன்று அது. நமக்குக் கால் இருக்கிறது, அது சொல்லும் என்று விட்டுவிடுகிறோம். அதுவோ சோம்பிப்போய்ப் பெடல் மேலேயே படுத்துக்கொள்கிறது. இவருக்குக் கால் சொல்லாது. அதனால் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கேட்டு, முழுசாக விட்டு, முழுசாக எடுத்து வைத்திருக்கிறார். காரைக்காலிலிருந்து தஞ்சாவூர் போவதற்குள் எத்தனை தடவை இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். முடியாமல் விட்டுவிட்டேன்.

"சரி, இது ஓடுமா ஓடாதா? செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

பழைய தெட்சிணாமூர்த்தியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்றிருப்பான். அன்று எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. அவருடைய தம்பி மகன் ழூல் கிறிஸ்துமசுக்குப் பாரிசிலிருந்து வரும்போது புது சாமான் கொண்டுவரலாம். அதுவரை நாலு மாதம் வாராவாரம் இருநூறு கிலோமீட்டர், பின்சீட்டில் தையல் போட்ட வயிறு. இது தப்பினால் எனக்கு மன்னிப்பே கிடையாது.

"பாத்துட்டுச் சொல்றேன் முசே. இந்தத் தடவை நெசமாவே பாத்துட்டுச் சொல்றேன்."

மூன்று நாள் வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. ஒரு கெட்டிக் கண்ணாடிப் பலகை வாங்கி மேஜையில் சமமாக வைத்தேன். பிரஷர் பிளேட்டை அதன் மேல் கவிழ்த்து, சிகரெட் அட்டைக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கிழித்து ஓரமாக நுழைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையக்கூடாது. ஓரிடத்தில் நுழைந்தது. சூட்டில் அந்த இடம் ஒரு மயிரிழை வளைந்திருந்தது. வண்டி கிளம்பும்போது குதித்தது இதனால்தான். மத்லேன் மதாமைக் கத்த வைத்த மயிரிழை. வால்வு தேய்க்கும் பசையைக் கண்ணாடி மேல் பூசி, பிரஷர் பிளேட்டை அதன் மேல் எட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். கழுவி, துடைத்து, தாளை நுழைத்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்தேன். இரண்டாம் நாள் இருட்டுவதற்குள் தாள் எங்கும் நுழையாமல் நின்றது. நீலத்திட்டில் வெடிப்பு உண்டா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்த்தேன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். கோடு விழவில்லை.

பிரஷர் பிளேட்டை அழுத்துகிற பெரிய ஸ்பிரிங்குகள் ஆறையும் கண்ணாடி மேல் வரிசையாக நிறுத்தி மேலே இரும்பு ஸ்கேலை வைத்தேன். ஐந்து தொட்டன. ஒன்று தொடவில்லை, சூட்டில் கொஞ்சம் குன்றிப்போயிருந்தது. அதற்கு அடியில் வைக்க மெல்லிய தகட்டை வெட்டி வட்டம் பண்ணினேன். பிளேட்டின் மினுமினுப்பை உப்புத்தாளால் பூப்போல எடுத்தேன். அழுத்திவிடுவேனோ என்று இரண்டு இழுப்புக்கு ஒருதரம் தூக்கிப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக அவர் காப்பாற்றியதை நான் ஒரு தேய்ப்பில் கரைத்துவிடக் கூடாது என்ற பயம்தான். கார்பன் பேரிங்கில் தேய்ந்தது போக இரும்புக் கிண்ணத்துக்கு மேலே சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குக் கார்பன் மிச்சம் இருந்தது. பிளே சரியாக இருந்தால், அவர் மிதிக்கிற விதத்துக்கு அது என் ஆயுசுக்கும் போதும்.

திங்கட்கிழமை சாதிக்கும் நானும் வண்டியைப் பூட்டினோம். நடந்தது அனைத்தையும் சாதிக்கிடம் அதற்குள் சொல்லியிருந்தேன். அவர் பிளேட்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தார், தீக்குச்சியை விட்டுப் பார்த்தார், துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பெடல் கம்பியை மட்டும் நான் முடுக்கவில்லை. முசேயை வரவழைத்து சீட்டில் உட்கார வைத்தேன். நான் அடியில் படுத்துக்கொண்டு கால் சுற்று திருகுவேன், அவர் மிதித்துப் பார்ப்பார். "இன்னும்" என்பார். கால் சுற்று. "இன்னும் கொஞ்சம்." கால் சுற்று. "இதுதான். இங்கதான் இருந்துச்சு."

நட்டை இறுக்கிவிட்டு ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு அங்குலம். கம்பியில் பழைய நட்டு இருந்த அடையாளத்தின் மேலேயே வந்து நின்றிருந்தது. உணர்ச்சி இல்லாத காலால் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. "பிளேட் ஓடும் முசே. ழூல் கொண்டுவர்ற புதுசை அலமாரியில வெச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் மதாம் வர வேண்டுமே. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்துக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார், குரலில் மட்டும் மெலிவு இல்லை.

"மதாம், அவர் காலு மேல ஒரு குத்தமும் இல்ல. என் கைதான் குத்தம் பண்ணுச்சு. இப்ப சரி பண்ணிட்டேன். நாளைக்குப் போயிட்டு வாங்க."

"நீ சரி பண்ணிட்டேங்குறியா? போன தடவையும் நீதானே பண்ணினே?"

அவர் முசேயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் வா வண்டியில. ஒரு தடவை குலுங்கினாலும் அங்கேயே எறங்கி வீட்டுக்குத் திரும்பிடுவேன். அப்புறம் ஊசி கீசின்னு எவனும் என் வாசப்படி ஏறக்கூடாது."

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். மதாம் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் முன்சீட்டில் முசேக்கு வலதுபக்கம். திருநள்ளாறு தாண்டும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டே வந்தேன் என்று சொல்லலாம். வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சமவெளியில் போவது பெரிசில்லை. ஏற்றத்தில், சுமையோடு, நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதுதான் கிளட்சின் வண்டவாளம் தெரியும்.

பேரளம் ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்துக்கு ஏறுகிற மேட்டின் பாதியில் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னால் வைக்கோல் ஏற்றிய இரண்டு மாட்டு வண்டி, பின்னால் ஒரு லாரி மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் நகர இடமில்லை. முசே இஞ்சினை நிறுத்திவிட்டார். மதாம் கண்ணைத் திறக்காமல், "என்ன?" என்றார்.

"கேட்டு" என்றார் முசே.

சரக்கு ரயில் ஒன்று சாவகாசமாகப் போயிற்று. கேட் திறந்தது. மாட்டு வண்டிகள் ஏறின, நடுவில் நின்றன, மறுபடி ஏறின. முசே இஞ்சினை எழுப்பினார். தொடை மேலே போயிற்று. இப்போது பிடிக்கும், இப்போது பிடிக்கும் என்று நான் காத்திருந்தேன். என் காலடியில் பெடல் எதுவும் இல்லை, ஆனாலும் என் இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இஞ்சின் மூச்சு தாழ்கிறதா என்று காதைத் தீட்டினேன். இருபத்திரண்டு வருஷ மெக்கானிக்கின் காது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தண்டவாளம் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

எந்த நொடியில் வண்டி கிளம்பியது என்று இன்றுவரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. முசேயின் முகத்தைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் நான் இருப்பதே அவருக்கு நினைவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

மேட்டிலிருந்து இறங்கி, கடைத்தெரு தாண்டி, வயல்களுக்கு நடுவே இரண்டு மைல் போயிருப்போம். பின்சீட்டில் மதாம் கண்ணை மூடியபடியே அலுத்துக்கொண்டார்.

"ஏங்க, அந்தக் கேட்டை இன்னுமா தொறக்கல?"